கிணற்றுத் தண்ணீர் குடித்த பேட்டரிகள்

எங்கள் தெருவுக்கு மின்கம்பி வந்ததே இல்லை. கூரைகளின் மேல் சோலார் பலகைகள், தெருக்கோடியில் ஓர் அறை நிறைய பேட்டரிகள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் என் மகள். பலகை துடைப்பாள், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவாள், டிவியை அணைக்காதவனைத் திட்டுவாள். அவள் காய்ச்சலில் படுத்தால் தெருவே இருட்டு.

பேட்டரிகள் தேய்ந்தன. புதிது தருகிறேன் என்று கம்பெனிக்காரன் வந்தான். சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பவனை நான் நம்புவதில்லை. மகள் ஐந்து வருஷம் இங்கேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவளுக்கோ அப்போதுதான் துறைமுக வெல்டர் ஒருவனோடு கல்யாணம் பேசி முடித்திருந்தோம்.

"வேற யாராவது கத்துக்குங்களேன்" என்றேன், கூடியிருந்த தெருக்காரர்களிடம்.

எங்கள் தெருச் சலூன்காரன் சிரித்தான். "கத்திரி பிடிக்கவே எனக்குக் கை நடுங்குது பெரியவரே. கரண்ட்டைப் பிடிக்கச் சொல்றீங்களா? கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்க."

"அஞ்சு வருஷம் உனக்குக் கொஞ்சமா? உன் பொண்ணை உட்கார வையேன்டா."

அதற்குள் மகள் கம்பெனிக்காரனின் பேனாவை எடுத்துவிட்டாள். "போட்டுடறேம்பா. அவர் காத்திருப்பாரு."

"எவனும் காத்திருக்க மாட்டான்."

"நான் போயிட்டா இருட்டுல நீ என்ன பண்ணுவ?"

"தூங்குவேன்."

பேனாவைப் பிடுங்கிக் கம்பெனிக்காரன் பையிலேயே சொருகினேன். புதுப் பேட்டரி வரவில்லை. தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தினார்கள். மகள் சலூன்காரனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்து, சாவியை அவனிடமும் ஒரு போனை என்னிடமும் கொடுத்துவிட்டுப் புருஷன் ஊருக்குப் போனாள்.

பேட்டரிக்கென்று வாங்கும் தண்ணீர் கேன் காலியானதும் அவன் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினான். "தண்ணியில என்ன ஜாதி?" என்றான். அதன் உப்பில் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

மகள் சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவாள். நன்றாக எரிகிறது என்றே சொல்லிவந்தேன். ஒருநாள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"பேட்டரி ரூம்ல போய் நில்லுப்பா. வீடியோல பார்க்கணும்."

"அதுல என்ன பார்க்க இருக்கு?"

"செத்துடுச்சா? உண்மையைச் சொல்லு. நாளைக்கே பஸ் ஏறிடுவேன்."

ஏறுகிறவள்தான். என் போனில் சார்ஜ் ஒரு கோடுதான் மிச்சம் இருந்தது.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கட்டிக்கொடுத்தாச்சு, குடும்பத்தைப் பாரு. தினம் தினம் எதுக்குக் கூப்பிடுற? காது வலிக்குது."



"என்மேல கோபமாப்பா?"

"ஆமா."

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் போனும் அணைந்தது.

சந்தையில் காசு கொடுத்தால் சார்ஜ் போட்டுத் தருவார்கள். நான் போகவில்லை. போட்டால் கூப்பிடுவாள், கூப்பிட்டால் அழுதுவிடுவேன், அழுதால் வந்துவிடுவாள்.