பாறைமேல் நின்ற கால்கள்

திரையில் தன் ஸ்டாண்டு முழுக்க நீலமாக வந்ததும் மலர்விழிக்குத் தலைகால் புரியவில்லை. பின்னே எப்படிப் புரியும்! பாப்பாரப்பட்டி இரும்புப் பட்டறையில் ஒன்பது வருஷமாக வேலைக்கான படம் வரைகிறாள். அவள் பேரும் கையெழுத்தும் போட்டு வெளியே போன முதல் தண்ணித்தொட்டி ஸ்டாண்டு அது. பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நேற்றுத்தான் நிறுத்தினார்கள்.

நல்லம்பள்ளிக் கல்லூரியில் மூன்று நாள் பயிற்சி. இரும்பைத் திரையிலேயே ஆயிரம் துண்டாகப் பிரித்து, பாரம் ஏற்றி, எது தாங்கும் எது முறியும் என்று நிறத்தில் காட்டுகிற மென்பொருள். நீலம் என்றால் நிம்மதி, சிவப்பு என்றால் சங்கடம். மற்றவர்கள் பாடத்தில் கொடுத்த தகட்டோடு மல்லுக்கட்ட, இவள் தன் ஸ்டாண்டையே ஏற்றிப் பார்த்தாள். பெருமை யாரை விட்டது!

பாடம் நடத்திய ஜாஸ்மின் இவளைவிட ஏழெட்டு வயசு சின்னவள். குனிந்து பார்த்தாள். "அக்கா, நாலு பாதமும் அசையாதுன்னு குடுத்திருக்கீங்களே. அங்க போல்ட் போட்டு இறுக்குவாங்களா?"

"போல்ட் எதுக்குங்க? கீழ முச்சூடும் பாறைங்க. அது எங்க போவும்?"

"பாறை போவாதுக்கா. கால் போவுமே?"

மலர்விழிக்குச் சுருக்கென்றது. பாறை கிடைத்தால் கடைக்கால் தோண்டுகிற வேலை மிச்சம் என்று அதன்மேலேயே நிறுத்திவிடுவது பட்டறை வழக்கம். ஒருத்தரும் யோசித்ததில்லை. அவளும்தான். அதிலும் இது அகட்டி வைத்த கால். பாதம் வழுக்கும் என்று மாற்றிக் கொடுத்து மறுபடி ஓட்டினாள். நாலு காலும் வெளியே விரிந்தன. மேல் மூட்டெல்லாம் செக்கச்செவேல்.

"பயிற்சிக்குத்தானேக்கா, பழையபடியே வெச்சுக்குங்க" என்று ஜாஸ்மின் அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அது நேற்றே நிறுத்தி முடித்த ஸ்டாண்டு என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு சொடுக்கு. எல்லாம் நீலமாகிவிடும். யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த பேரைத் தானே போய்க் கெடுத்துக்கொள்வதா? பாழாய்ப்போன கை மவுஸ்மேலேயே நின்றது. ஆனால் அந்தத் தொட்டிக்குக் கீழேதான் குழாய். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தட்டுக் கழுவுவது அங்கேதான். மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது.

படிக்கட்டுக்கு ஓடி, பட்டறை முதலாளி குப்புராஜுக்குப் போன் போட்டாள். அவர் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்.

"அண்ணா, தொட்டியில தண்ணி ஏத்திட்டீங்களா?"

"மோட்டார் ஓடுது. முக்காவாசி ரொம்பிருச்சு. ஏன்?"

"நிறுத்துங்கண்ணா! புள்ளைங்கள அந்தாண்ட அனுப்புங்க. தண்ணிய எறக்கிருங்க. நான் போட்ட படம் தப்புங்க."

"கம்ப்யூட்டர் சொல்லுச்சாக்கும்?"

"நான் சொல்றேங்கண்ணா. தப்புப் பண்ணது நாந்தான்."

பட்டென்று போனை வைத்துவிட்டார். இருபது நிமிஷம் அவள் உயிர் அவளிடம் இல்லை. அப்புறம் அவரே கூப்பிட்டார்.

"மலரு…" குரல் இறங்கியிருந்தது. "ஒரு காலு ரெண்டு விரக்கடை நவுந்திருக்குது. பாறையில வெள்ளையாக் கோடு கிழிச்சிருக்குது."

"புள்ளைங்க?"

"உள்ள அனுப்பியாச்சு. தண்ணியும் எறங்கிட்டிருக்குது."

மலர்விழி படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அழுவுறத அப்பறம் வெச்சுக்க. நாலு காலும் விரியாம கீழ சுத்திக் கட்டணும். ஆங்கிள் இரும்பு எத்தன அடி வேணும், சொல்லு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"எட்டடியில நாலுங்கண்ணா" என்றாள்.