பத்திரமான கார்டு

கமருன்னிசா தன் வளையல்களை விற்றுத்தான் மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகப் பணம் சேர்த்தாள். செஞ்சியிலிருந்து புறப்படும் முன்பே மகன் சர்ஃபராஸ் மிச்சப் பணத்தை அவள் பேரில் பேங்கில் போட்டு, கையில் ஒரு கார்டைத் திணித்தான்.

“ரியாலா எடுத்துனு போவாதம்மா. கூட்டத்துல திருடனுங்க இருப்பானுங்க. கார்டுன்னா பத்திரம்.”

பேங்கில் கொடுத்திருந்ததோ அவனுடைய போன் நம்பர். மக்காவில் அவள் கார்டைத் தேய்த்தால் செஞ்சியில் அவனுக்கு மெசேஜ் போய்விடும். தங்கைக்கென்று தொழுகை விரிப்பு ஒன்று வாங்கிக் கடையை விட்டு இறங்குவதற்குள் போன் அடித்தது.

“இன்னாம்மா வாங்குன? யாருக்கு?”

பேரீச்சம்பழத்துக்கும் அதே விசாரணை. வளையல் போட்டிருந்த கை அவளுடையது. கேள்வி கேட்கிற வாய் அவனுடையது. அதற்குப் பிறகு அவள் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கக்கூட கார்டை வெளியே எடுக்கவே இல்லை. ஹரம் பள்ளியின் வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்தவருக்கு உடன் வந்தவர்களெல்லாம் சதக்காவாகத் தர்மம் கொடுக்க பர்ஸைத் திறந்தபோது, இவள் மட்டும் சலாம் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் சர்ஃபராஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாத்தியா, கார்டு இருந்ததால பணம் அப்டியே இருக்குது.”

கமருன்னிசா கார்டை அவன் முன்னால் போட்டாள்.

“திருடனுங்க இருப்பானுங்கன்னு பயமுறுத்துனியே. அங்க ஒருத்தனும் என் பணத்துல கை வைக்கலடா.”