முழுக்காலுக்கும் சம்மதம்

மடு மாதா கோயில் திருநாளில் நிழலான இடத்தில் தங்குவதற்கு யார் கொட்டில் போடுவது என்று மதலேனாவும் தம்பி சந்தியோகுவும் சண்டை பிடித்து ஐந்து வருசம். அதற்காகப் பேச்சு நின்றுவிடவில்லை. மூன்றாம் ஆள் ஒருவரை நடுவில் நிறுத்திவைத்துக்கொண்டு நடந்தது. "என்ர வாளியைத் தரச்சொல்லுங்கோ அவனை" என்று, அவன் பக்கத்தில் நிற்கும்போதே பிறத்தியாரிடம் சொல்லுவாள்.

அந்த வீராதிவீரன்தான் இப்போது ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். திருக்கை முள் குத்திய காலுக்குச் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு திரிந்ததில் கால் தூணாக வீங்கிவிட்டது. காய்ச்சலில் நினைவில்லை. அவனோடு கடலுக்குப் போகும் அலியார்தான் வான் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தார். கேள்விப்பட்டு மதலேனாவும் பின்னால் ஓடிவந்திருந்தாள்.

"கிழிச்சுச் சீழ் எடுக்க வேணும். உள்ளுக்குப் பரவியிருந்தால் காலையே எடுக்க வேண்டி வரலாம். ஆர் சம்மதம் தாறது?" என்று டொக்டர் கேட்டார்.

"நான் வைக்கிறன் கையெழுத்து" என்றார் அலியார்.

"நீங்கள் சொந்தமில்லையே. பெண்சாதியும் இல்லை எண்டுறியள். கூடப் பிறந்தவை இருக்கினமோ?"

எல்லாரும் மதலேனாவைப் பார்த்தார்கள். கால் இல்லாமல் எழும்பினால் இவன் சாகுமட்டும் மன்னிக்கமாட்டான். கையெழுத்து வைக்காவிட்டாலோ மன்னிக்கிறதுக்கு ஆளே இருக்காது. சிலுவை போட்டுக்கொண்டு பேனையை வாங்கினாள்.

"காலை எடுத்தாலும் பரவாயில்லை டொக்டர், ஆளைத் தாங்கோ."

அடுத்த நாள் சந்தியோகு கண் திறந்தான். கால் தப்பிவிட்டது, ஒரு விரல்தான் போனது என்று டொக்டர் அவனிடம் சொன்னார். பக்கத்தில் அக்காவைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தாதி பெற்றிசியாவைக் கூப்பிட்டான்.

"மிஸ்ஸி, என்ர விரலை எடுக்க ஆர் சம்மதம் குடுத்ததெண்டு கேளுங்கோ."

"விரலுக்கு நான் குடுக்கேல்லை எண்டு சொல்லுங்கோ மிஸ்ஸி. முழுக்காலுக்கும்தான் குடுத்தனான்."

பெற்றிசியா வாய் திறக்கமுன் சந்தியோகு துள்ளி எழும்பினான்.

"என்ர காலை எடுக்கச் சொன்னனியே, அக்கா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அலியார் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். மதலேனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த 'அக்கா'வைக் கேட்க அவள் எவ்வளவு ஏங்கியிருந்தாள் என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"ஓமடா, சொன்னனான்" என்றாள், நேராக அவனிடமே. "மடுவில அந்த நிழலையும் நீயே வைச்சிரு. இப்ப கஞ்சியைக் குடி."