கிப்சன் என்று கூப்பிட்டால்

எங்கள் ஊரான ஹார்பெக்கில் யாராவது கிப்சன் என்று கூப்பிட்டால், கிப்சன் வருவதற்கு முன்னால் செத்துப்போன கிப் வந்து நிற்பார். செம்மறிக் கிடா ஒன்றைக் காப்பாற்றப் போய் ஓடை வெள்ளத்தில் மூழ்கியவர் அவர். தேவாலய முற்றத்தில் முறைப்படி புதைத்தும் ஆயிற்று. இருந்தும் சொட்டச் சொட்ட நனைந்தபடியே வருவார். ஊராரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் ஊரில் பதினொரு ஜான்கள் இருந்தார்கள். வெறுமனே ஜான் என்றால் பதினொரு தலைகள் திரும்பும். அதனால் கொல்லன் ஜான், மேட்டு ஜான், நெட்டை ஜான் என்று பிரித்தார்கள். சொல்லிக்கொள்ள எதுவுமில்லாதவனுக்கு அப்பன் பெயர். கிப்பின் மகன் ஜான், அதாவது கிப்சன். தன் பெயர் காதில் விழுந்ததால் கிப் எழுந்து வந்தார், அவ்வளவுதான்.

வந்தவர் சும்மா நின்றிருந்தால் ஜான் பொறுத்துக்கொண்டிருப்பான். அவரோ உயிரோடிருந்த காலத்திலேயே மகனை ஒரு வார்த்தை மெச்சாதவர். சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கி மேய்ச்சல் நிலத்துக்குச் சுவர் வைப்பது எங்கள் பக்கத்து வேலை. ஜான் வைத்த சுவரை நனைந்த கையால் தட்டிப் பார்த்து, "கோணலா இருக்குடா" என்பார்.

"செத்தும் விட மாட்டியாப்பா?"

"கூப்டாங்க, வந்தேன். நானா வந்தேன்?"

பெயரைக் கழற்றிப் போட ஜான் படாத பாடு பட்டான். காற்று கிழிக்கும் மேட்டில் போய் வீடு கட்டினான். மேட்டுக்குப் போன கிப்சன் என்றார்கள். இரண்டு வருடம் கொல்லுப் பட்டறையில் கை சுட்டுக்கொண்டான். கொல்லு வேலை பழகிய கிப்சன் என்றார்கள். ஆத்திரத்தில் தலையை மழித்துக்கொண்டான், மொட்டை கிப்சன் ஆனான். ஊருக்கு இது வசதி. குட்டி போடும் காலத்தில் ஒரு குரல் கொடுத்தால் இரண்டு ஆள் கிடைத்தது, அதிலும் ஆடு வளர்ப்பில் கிப்புக்குத் தெரியாதது இல்லை. ஜானுக்குத்தான் எரிச்சல்.

அவனுக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை மகன் ஹியூ. அப்போதெல்லாம் பெயர் ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். ஜானின் மகன் ஜான்சன்தான்.

"என் பேரை இந்த ஊர் ஒரு தடவையாவது வாயில வெச்சுச் சொல்லணும்" என்றான் மனைவி எம்மட்டிடம்.

"சொல்லி? செத்தப்புறம் நீங்களும் வந்து நிக்கணுமா?"



ஹியூவுக்கு நிலத்தை ஏற்கும் வயது வந்ததும், நிலமும் பெயரும் பதிகிற பண்ணை மன்றத்துக்கு ஜான் அவனை அழைத்துப் போனான். "ஹியூ, ஜான் மகன்" என்று மூன்று முறை உரக்கச் சொன்னான். எழுத்தர் தலையைச் சொறிந்தார்.

"ஜான் மகன்னு ஏற்கெனவே ஒம்பது பேர் இருக்காங்கப்பா. இவனும் கிப்சன்னே இருந்துட்டுப் போறான்."

"ஐயா, இவன் கிப்புக்குப் பேரன். பொறக்கறப்பவே கிப் செத்து ஏழு வருஷம்."

"அதனால என்ன? அதோ வந்துட்டாரே."

கிப் வந்திருந்தார். அவர் தாடியிலிருந்து எழுத்தரின் தோல் சுருளில் சொட்டிய கறை இன்றும் இருக்கிறது. எழுத்தர் கிப்சன் என்றே எழுதி மை காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. 

ஐம்பத்திரண்டாம் வயதில் மார்ச்சளி கண்டு அவன் இறந்தான். பாதிரியார் குழிக்கருகே ஜான் கிப்சன் என்று வாசித்ததும் கிப் வந்து, குழி ஆழம் போதாது என்றார். இன்னும் ஒரு முழம் தோண்டினார்கள்.

அடுத்த வசந்தத்தில் ஹியூ மேட்டு நிலத்துக்குச் சுவர் வைத்துக்கொண்டிருந்தான். ஊர்க் கொல்லன் கீழேயிருந்து "கிப்சன்!" என்று கூவினான். ஓடைப் பக்கமிருந்து வழக்கம்போல கிப் வந்தார். அவருக்குப் பின்னால், சவத்துணி முள்ளில் மாட்டிக் கிழிய, ஜான் வந்தான். ஜான்சன் என்று யாரும் கூப்பிடவில்லை. வாழ்நாள் முழுக்க அவன் வேண்டாம் வேண்டாம் என்று திரும்பிப் பார்த்தது கிப்சன் என்ற அந்தப் பெயருக்குத்தான். வந்தவன் நேராகச் சுவரிடம் போய்த் தட்டிப் பார்த்தான்.

"கோணலா இருக்குடா" என்றான்.

கிப் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"உன்னோடதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றார்.

ஜான் பல்லைக் கடித்தான். ஹியூ இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தகராறு வேண்டாமென்று கல்லை அரை விரல் நகர்த்தி வைத்தான்.

இப்போதெல்லாம் தபால்காரர் அந்த மேட்டு வீட்டு வாசலில் கிப்சன் என்று கூப்பிட்டால் பத்தொன்பது பேர் வருகிறார்கள். உயிரோடிருந்து கையெழுத்துப் போட வேண்டியவர் கடைசியில்தான் வருவார். முதலில் வருகிறவர் நனைந்திருப்பதால் தபாலை அவரிடம் கொடுப்பதில்லை.