பதினோரு சிரிப்பு

அவசரப் பிரிவின் மூத்த நர்ஸுக்குச் சூறாவளி என்று பெயர். வைத்தது வார்டு, அவள் காதுபட யாரும் சொன்னதில்லை. மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோருடைய போனையும் ஒரு மருந்துத் தட்டில் வாங்கிக்கொள்வாள். ஊழியர்களின் மனநலம் காக்க நிர்வாகம் கொடுத்த செயலி அதில் இருந்தது. "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு ஐந்து முகங்களைக் காட்டும். ஒன்றை அழுத்தினால்தான் வருகைப்பதிவு வீட்டுக்கு விடும். அழுகிற முகத்தை இரண்டு நாள் தொடர்ந்து அழுத்தினால் ஆலோசகர் கூப்பிடுவார், ஆளை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். இருக்கிற பதினோரு பேரே போதாத இடம் அது. அதனால் சூறாவளி மளமளவென்று பதினோரு போனிலும் சிரிக்கிற முகத்தையே அழுத்திக் கொடுத்துவிடுவாள். நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், மகராசி.

வார்டிலேயே சின்னவள் வாயாடி, அதுவும் வார்டு வைத்த பெயர்தான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நோயாளியின் மகன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றியில் நான்கு தையல். மறுநாளே வேலைக்கு வந்தாள், பேச்சுதான் வரவில்லை. கதவு படீரென்று சாத்தினால் மேசைக்குக் கீழே குனிந்துவிடுவாள். ஒருநாள் போனைத் தட்டில் வைக்காமல், தன்னுடையதைத் தானே அழுத்திக்கொள்வதாகச் சொன்னாள்.

"நீயும் போயிட்டா இங்க யாருடி நிப்பா? கொஞ்ச நாள் பொறுத்துக்க," என்று சூறாவளி அதைப் பிடுங்கி அழுத்தினாள்.

மறுநாள் காலை, தம்பிக்கு முதலில் தையல் போடவில்லை என்று ஒரு தடியன் வாயாடியின் கழுத்தைப் பிடித்தான். மருந்து அலமாரியோடு வைத்து நெரித்தான். கண்ணாடி நொறுங்கி அவள் முதுகில் இறங்கியது. அவள் கைக்கு டிரிப்ஸ் கம்பி அகப்பட்டது. முதல் அடி தோளில். இரண்டாவது வாயில், பல் தெறித்தது. அவன் விழுந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. கம்பி வளையும்வரை அடித்தாள். வளைந்ததும் அதை எறிந்துவிட்டு இரண்டு கையாலும் குத்தினாள், விரல் எலும்புகள் முறிந்தும் குத்தினாள். பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்த சூறாவளியின் மூக்கு அவள் முழங்கையில் உடைந்தது. தரையில் கிடந்த ரத்தம் யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவனுக்கு ஒரு கண் போயிற்று.

நான்காம் நாள் விசாரணை. மருத்துவமனைக் கண்காணிப்பாளர் செயலியின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டார். தாக்கப்பட்ட பிறகு பதினெட்டு நாள் வேலை செய்தவள், பதினெட்டு நாளும் சிரித்திருக்கிறாள். வார்டு சொல்கிற மன உளைச்சல் என்பதெல்லாம் நாடகம், வேலையை விட்டு நீக்கிப் போலீசில் கொடுக்க வேண்டியதுதான் என்றார்.

சூறாவளிக்கு ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. வாயைத் திறந்தால் வேலையும் பென்ஷனும் போய்விடும். மேசையருகே போய் நின்றாள்.

"அது அவ சிரிப்பு இல்ல சார், எல்லாம் என் விரலு," என்றாள். "நேரத்தப் பாருங்க. பதினோரு பேரும் தினம் ஒரே நிமிஷத்துலயா சிரிப்பாங்க?"

அவர் பார்த்தார். பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு வாயாடியைப் போலீசுக்கு அல்ல, முதலில் மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொன்னார். சூறாவளியின் அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்.

வெளியே பெஞ்சில் வாயாடி உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் மாவுக்கட்டு. மணி இரண்டு. மடியில் கிடந்த போன் வழக்கம்போல் கேள்வி கேட்டது. வெளியே வந்த சூறாவளியின் பக்கம் முழங்கையால் அதைத் தள்ளினாள்.

"அழுத்துங்கக்கா. நான் சொல்றத அழுத்துங்க."

அழுகிற முகம் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடச் சூறாவளிக்குத் தெரியவில்லை. தேடித்தான் அழுத்தினாள்.