இசக்கியின் ஒரு கட்டு

பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துச் சேர்க்கும் திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. இசக்கிக்கு ஒன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை.

எங்கள் லைன் வீடுகளில் கடைசி வீட்டில் தெற்கிலிருந்து வந்தவர்கள் குடியிருந்தார்கள். சுடலைக்குச் சாயப்பட்டறையில் வேலை. அவன் மனைவி முத்துப்பேச்சி வீட்டிலிருந்தே பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறு வெட்டினாள். பனியன் கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை ஒன்று காலியாக இருந்தது. பிள்ளை இசக்கியை எங்காவது விட்டுவிட்டு வந்தால் எடுத்துக்கொள்வதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். வேலம்பாளையத்தில் புதிதாக ஒரு நர்சரிப் பள்ளி வந்திருந்தது. மூன்று வயது முடிந்திருக்க வேண்டும், கொஞ்சமாவது எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள்.

"வயசெல்லாம் ஆயிட்டு. எண்ண மட்டும் நீங்க சொல்லிக் குடுங்கக்கா" என்றாள் முத்துப்பேச்சி.

நான் பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். முடியாது என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது.

கட்டிங் வேஸ்ட் துணியில் உள்ளங்கை அளவுக்குப் பத்துப் பைகள் தைத்தேன். உள்ளே பிசிறு நூலை அடைத்தேன். முதல் பையில் சிவப்பு நூலால் ஒரு பொட்டு, அடுத்ததில் இரண்டு, இப்படிப் பத்துவரை. ஒரு முழு நாள் அதிலேயே போயிற்று. இசக்கி முதல் பையை எடுத்து வாயில் வைத்துக் கடித்தாள். ஏழாவதையும் கடித்தாள். எல்லாம் எச்சிலில் ஊறின.

இரண்டு பைகளை முன்னால் வைத்து, "எத்தனை?" என்றேன்.

இரண்டையும் சேர்த்துப் பிடித்து, "ஒண்ணு" என்றாள்.

பத்தையும் வைத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், ஒரு துணி நாடாவை இழுத்து அதைச் சுற்றினாள், மேலே ஒரு தட்டுத் தட்டினாள். "ஒண்ணு." தூக்கிக்கொண்டு போய் வாசல் ஓரம் வைத்தாள்.

மறுநாள் நூல் தீர்ந்த காகிதக் கோன்கள் பத்துக் கொண்டுவந்தேன். ஒன்றின் தலையில் ஒன்றாகக் கவிழ்த்தாள். "ஒண்ணு."

எனக்குத் தலை வலித்தது. அம்மா அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்கண்ணு, காலேஜுல மூணு வருசம் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"தவளை அறுக்கச் சொல்லிக் குடுத்தாங்கம்மா."

"அதையாச்சும் சொல்லிக் குடு. புள்ள கத்துக்கும்."

வெள்ளிக்கிழமை, இனி என்னால் ஆகாது என்று சொல்லிவிடுவதற்காகவே கடைசி வீட்டுக்குப் போனேன். முத்துப்பேச்சி பிசிறு வெட்டிய பனியன்களைப் பன்னிரண்டாக அடுக்கி, நாடாவால் கட்டி, தட்டி, "ஒண்ணு" என்று வாசல் பக்கம் போட்டாள்.

இசக்கியின் கணக்கு சரி. அது புரிந்ததும் என் எரிச்சல் இன்னும் கூடியது.

"பேச்சி, திங்கட்கிழமை வரைக்கும் வாய்க்குள்ளயே எண்ணு."

"வாய்க்குள்ள எண்ணுனா தப்பிப் போயிருமேக்கா."

சனிக்கிழமை இசக்கியின் வாயிலிருந்து பையைப் பிடுங்கினேன். என் விரலைக் கடித்தாள். கீழ்த்தாடையின் கோடியில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு பல்லின் முனை அப்போதுதான் வந்திருந்தது. கடைவாய்ப் பல் எந்த வயதில் முளைக்கும் என்று பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது.

"இவ எப்பப் பொறந்தா பேச்சி?"

"எங்க ஊர்க் கோயில் கொடை முடிஞ்ச மறுநாளுக்கா."

"எந்த வருசம்?"

"அடுப்புல சோறு பொங்குது" என்று எழுந்து போனாள். அடுப்பு மூட்டவே இல்லை.

நான் அதற்குமேல் கேட்கவில்லை.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். பெரிய டீச்சர் மேசைமேல் ஐந்து சாக்பீஸ்களை வைத்தார்.

"எத்தனை இருக்குது சாமி?"

இசக்கி ஐந்தையும் அள்ளினாள். சுற்றும்முற்றும் தேடினாள். பிறகு தன் தலை ரிப்பனை உருவி, சாக்பீஸ்களைச் சுற்றி, ஒரு தட்டுத் தட்டி டீச்சரிடமே நீட்டினாள்.

"ஒண்ணு."

டீச்சர் சிரிக்கவில்லை. "மூணு முடிஞ்ச புள்ளைங்கறீங்க. அஞ்சுகூடத் தெரியலீங்களே. பேச்சும் கம்மியா இருக்குது. இருக்கட்டுமுங்க, சேத்துக்கறோம். மந்தம்னு குறிச்சுக்கறேன். தனியா உக்கார வெச்சுப் பாத்துக்குவோம்."

இசக்கி எண்ணுவது அவள் அம்மாவின் கட்டுக் கணக்கு என்று டீச்சரிடம் சொல்ல நினைத்தேன். முத்துப்பேச்சியைப் பார்த்தேன். இடம் கிடைத்துவிட்டது. அவள் பேசாமல் இருந்தால் போதும்.

டீச்சர் பேனாவைத் திறந்தார். முத்துப்பேச்சி மேசைக்கு அருகில் போய் அந்தத் தாளின்மேல் கையை வைத்தாள்.

"அப்படி எழுதாதீங்க டீச்சர். அவளுக்கு ரெண்டேகால் வயசுதான் ஆகுது."