ஒரே இலை

அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. விசாலாட்சிக்கு இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. சாப்பிடுகிறாள், எம்ஆர்டி ரயில் ஏறுகிறாள், சிங்கப்பூர் வானொலிக்கு வரலாற்று நிகழ்ச்சி எழுதுகிறாள். மனசு மட்டும் மரத்துக் கிடக்கிறது.

அண்ணன் கதிரேசனோடு பேச்சு இல்லை. அம்மாவை முதியோர் இல்லத்தில் விட்டது நீதான், நீங்கதான் என்று காரியத்தன்றே இருவரும் கத்தித் தீர்த்தார்கள். ரத்தக்கொதிப்பு என்று அங்கே உப்பில்லாச் சோறுதான். "உப்புப் போட்டு ஒரு வாய் குடுங்கம்மா" என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தாள் அந்த மகராசி. இப்போது தலைத்திவசத்துக்கு உட்லண்ட்ஸில் அவர் ஒரு படையல், சுவா சூ காங்கில் இவள் ஒரு படையலாம். பாவம், அம்மா எந்த வாசலுக்குத்தான் போவாள்?

அந்த வார நிகழ்ச்சியில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் வருஷக் கதை. போர் முடிந்து ஐந்தே வருஷம். நம் நிலக்கரியையும் எஃகையும் ஒரே நிர்வாகத்தில் வைப்போம் என்று ஜெர்மனியைக் கூப்பிட்டது பிரான்ஸ்.

"அதுக்குள்ள எப்படிக்கா மன்னிச்சாங்க?" என்றான் ஒலிப்பதிவு செய்த ஷாஹித்.

"யாரு மன்னிச்சா? சண்டைக்கு வேண்டிய ரெண்டு சாமானை மட்டும் பொதுவுல வச்சாங்க. மத்ததெல்லாம் அப்புறம்லா."

சொல்லிவிட்டுக் கைபேசியை எடுத்தாள். அண்ணனுக்குச் செய்தி அனுப்பினாள்: 'சோறு நான். குழம்பு நீங்க. என் வீட்டுல ஒரே இலை. பேச வேணாம்.'

கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அந்த வீம்புக்காரருக்கு அதுவே பெரிசு.

திவசத்தன்று தூக்குவாளியோடு வந்தார். தேக்கா சந்தையில் கத்திரிக்காய் வாங்கித் தானே வைத்த காரக்குழம்பு. பேசாமல் படைத்தார்கள், பேசாமல் கும்பிட்டார்கள், பேசாமல் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே கதிரேசனின் கை நின்றுவிட்டது.

படையல் சமையலை ருசி பார்க்கக் கூடாதே, அவரும் பார்க்கவில்லை. குழம்பில் உப்பே இல்லை.

"இன்னிக்குமா..." என்றார். "இன்னிக்கும் அம்மாவுக்கு உப்பில்லாமப் போச்சே, விசா!"

விசாலாட்சி எழுந்தாள். உப்பு டப்பாவை எடுத்து வந்து, அம்மாவின் இலையில் ஒரு சிட்டிகை தூவினாள். டப்பாவை அண்ணனிடம் நீட்டினாள்.

"நீங்களும் போடுங்கண்ணே."

அவர் போட்டார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.